பெரிய பாடகிக்குத் திரைக்குப் பின்னால் நின்று பாடக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

அம்மாபேட்டை குரல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சேலம் அம்மாபேட்டை. ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், ஆடிப் பண்டிகைக்குத் தெருவுக்குத் தெரு போடும் மேடை, புது வருஷத்துக்கு ஓட்டல் நிகழ்ச்சி, இதுதான் நம்ம பிழைப்பு.

அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. வெளியே புல்வெளியில் மேடை. பாட வருகிறவர் உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பின்னணிப் பாடகி. பெயர் வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லவில்லை, நீங்களும் தயவுசெய்து யூகம் பண்ணி எழுதாதீர்கள். வாசிக்கிறவர்கள் எல்லாம் சென்னையிலிருந்து வருகிறார்கள், கோரஸுக்கு மட்டும் உள்ளூரில் ஆள் பார்த்திருக்கிறார்கள், எங்கள் குழுவின் கீபோர்டு அண்ணன் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

முதலில் வெறும் கோரஸ் என்றுதான் பேச்சு. நேற்று நிகழ்ச்சி நடத்துகிறவர் போன் செய்து, இரண்டு பாட்டில் சரணத்தின் உச்சி வருகிற இடத்தில் மேடத்தின் குரலோடு ஒட்டி நான் பாட வேண்டும் என்கிறார். எல்.இ.டி. திரைக்குப் பின்னால் தனி மைக் போட்டுக் கொடுப்பார்களாம், மேடைக்கு வரவே வேண்டாமாம். மேடத்துக்குத் தொண்டை சரியில்லை, உச்சத்தில் போய் அழுத்திப் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், நிகழ்ச்சியை ரத்து செய்யவும் முடியாதாம். போட்டோ கூடாது, ஸ்டேட்டஸ் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சம்பளம் வாய்வார்த்தையாகச் சொன்னார், கோரஸுக்குச் சொன்னதைப்போல இரண்டு மடங்கு.

அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். காசு கொடுத்து வருகிற ஜனம் அந்தம்மா பாடுகிறார் என்று நினைத்துக் கைதட்டும், நீ உள்ளே ஒளிந்து நின்று பாடினால் அதுக்குப் பேர் என்ன என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது ஏமாற்றுதானா, இல்லை தொழிலில் சகஜமா? இன்னொன்று, பாடுகிறவரின் முகமே தெரியாமல் அவரோடு ஒட்டிப் பாடுவது எப்படி? கோரஸில் நாலு பேரோடு நின்றிருக்கிறேன், இது மாதிரி பண்ணியதில்லை.

—

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

போய்ட்டு வாங்க மேடம், இதில் என்ன யோசனை. இரண்டு மடங்கு காசு, இரண்டு பாட்டு, மேக்கப் செலவு கூடக் கிடையாது. சினிமாவில் ஹீரோ பாடுவதும் ஹீரோ குதிப்பதும் ஹீரோ இல்லை என்று தெரிந்துதானே விசில் அடிக்கிறோம். அம்மாவிடம் கோரஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அட்வான்ஸ் மட்டும் முதலில் கையில் வரட்டும்.

—

மிக்ஸர் முன்னால்:

தங்கச்சி, நியாய அநியாயத்தை மற்றவர்கள் பேசட்டும். நான் சவுண்ட் ஆள், சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் மேடை சவுண்ட் பார்த்துத்தான் வயிறு வளர்க்கிறேன். இந்த மாதிரிப் பின்குரலை என் கையாலேயே மிக்ஸ் பண்ணியிருக்கிறேன், அதனால் வேலை எப்படி நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்.இ.டி. திரைக்குப் பின்னால் நின்றால் உனக்குப் பாட்டு கேட்காது. ஸ்பீக்கர் எல்லாம் ஜனத்தைப் பார்த்து இருக்கும், பின்னால் வருவது பேஸ் மட்டும்தான், கூடவே ஜெனரேட்டர் சத்தம், திரையின் ஃபேன் சத்தம். மிச்சம் மீதி கேட்பதும் எதிரில் இருக்கிற கட்டடத்தில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம். ஒலி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், போய்த் திரும்புகிற தூரம் 34 மீட்டர் இருந்தாலே செகண்டில் பத்தில் ஒரு பங்கு பிந்திவிடும். வேகமான பாட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது பட்டவர்த்தனமாகத் தெரிகிற தப்பு. ஆகவே காதுக்குள் வைக்கிற இன்-இயர் இல்லாமல் மைக்கைத் தொடாதே. இன்-இயரில் உனக்கென்று தனி மிக்ஸ் கேள்: கீபோர்டு, கிளிக் (தாளத்தைக் காதில் எண்ணிக் காட்டுகிற டிக் டிக் சத்தம்), மேடத்தின் குரல் நன்றாக முன்னால், உன் குரல் கொஞ்சமாக. மற்ற எதுவும் வேண்டாம்.

முகம் தெரியவில்லையே என்றாய். பின்னால் ஒரு சின்ன மானிட்டர் வைத்து கேமரா படத்தைக் காட்டுகிறோம் என்பார்கள். வைக்கட்டும், ஆனால் அதில் வாயைப் பார்த்துப் பாடிவிடாதே. கேமராவிலிருந்து சுவிட்சர், அங்கிருந்து பிராசஸர் என்று சுற்றி வருவதற்குள் படம் குரலைவிடச் சில ஃபிரேம் பிந்தியிருக்கும். அவர் எப்போது மூச்சு இழுக்கிறார், எப்போது மைக்கைத் தள்ளிப் பிடிக்கிறார் என்று பார்க்க மட்டும் அந்த மானிட்டர். எடுப்பு உன் காதிலிருந்துதான் வர வேண்டும். டிராக் (முன்கூட்டியே பதிவு செய்து வைத்த வாத்திய இசை) போட்டு வாசிக்கிற குழு என்றால் கிளிக் இருக்கும், கீபோர்டு ஆளிடம் பேச்சு மைக்கும் இருக்கும், அவர் "சரணம் இரண்டு, இப்போ" என்று காதில் சொல்வார். அவர்தான் உனக்கு அன்றைக்குக் கண். சவுண்ட் செக்கில் முதலில் போய்ப் பழக வேண்டிய ஆள் அவர், மேடம் இல்லை.

ஒட்டிப் பாடுவதைப் பற்றி. நிறையப் பேர் குரலின் நிறத்தை அப்படியே கொண்டுவரப் பார்ப்பார்கள், அது மிமிக்ரி ஆகிவிடும். இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுப்பது குரலின் நிறத்தைவிட மெய்யெழுத்துதான். க, ச, ட, த, ப எல்லாம் இரண்டு தடவை விழுந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வல்லினத்தை எல்லாம் அவருக்கு விட்டுவிடு. நீ உயிரெழுத்தை மட்டும் பிடித்து நிறுத்து, "பார்த்தேன்" என்று அவர் பாடினால் உன் வாயில் "ஆ...ஏ..." தான் அழுத்தமாக வர வேண்டும், "ப"வும் "த்த"வும் உதட்டளவில் இருந்தால் போதும். "ஸ" வருகிற இடத்தில் வாயைத் திறக்கவே வேண்டாம். கமகத்தையும் குறைத்துக்கொள், அவர் சுழிக்கிற இடத்தில் நீயும் சுழித்தால் இரண்டு சுழிப்பும் எப்படியும் ஒன்றாக விழாது, நேர் ஸ்வரமாக நின்றாயானால் அவர் சுழிப்பு உன் மேல் உட்காரும். மூச்சு அவர் எடுக்கிற இடத்தில் நீ எடுக்காதே, ஒரு சொல் முன்னாலோ பின்னாலோ எடு. இதெல்லாம் பண்ணினால் ஜனத்துக்கு மேடத்தின் குரல் இன்றைக்குக் கனமாக இருக்கிறது என்றுதான் படும். என் கையில் உன் ஃபேடர் (மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு பட்டன்) இருந்தால் அந்த நாலு வரிக்கு மட்டும் ஏற்றி இறக்குவேன், மற்ற நேரம் மூடியே இருக்கும், அதனால் இருமினாலும் பயமில்லை.

ஏற்காடு குளிரை மறந்துவிடாதே. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், புல்வெளியில் சாயந்திரம் பனி இறங்கினால் புல்லாங்குழல் சுருதி இறங்கும், கம்பி வாத்தியம் ஏறும், தபலாத் தோல் ஈரத்தில் தொய்யும். அன்றைக்கு மேடையில் நகராமல் நிற்பது கீபோர்டும் டிராக்கும் மட்டும்தான். சுருதியை அதில் பிடி.

—

ஓமலூர் பின்பாட்டு:

மேலே சவுண்ட் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி எங்கள் வீட்டில் தினம் கேட்ட பேச்சு, சொல்லுகிற வார்த்தைதான் வேறு. அப்பா தெருக்கூத்தில் பின்பாட்டு. நானும் பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போட்டு வளர்ந்தவன்தான், இப்போது வேறு வேலை.

சேலத்துப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கூத்தில் ஆடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்ப்பதக்கம், எல்லாம் மரம், கண்ணாடிச் சில்லு பதித்தது. அவ்வளவையும் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆடிக்கொண்டே முழுப் பாட்டையும் ஒரே ஆள் பாட முடியுமா? முடியாது. அவர் முதல் அடியை எடுத்துக்கொடுப்பார், பெஞ்சு அதை வாங்கிப் பாடும். அவர் ஆடி முடித்து மூச்சு வாங்கித் திரும்பி வரும் வரைக்கும் பாட்டு கீழே விழாமல் பெஞ்சு பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்பா சொல்லுவார், விடியக்காலை மூணு மணிக்குத் திரௌபதி வேஷத்துக்குத் தொண்டை கட்டிப்போகும், அந்த நேரம் பார்த்துத்தான் துகிலுரியும் காட்சி வரும் என்று. வேஷம் கட்டியவர் வாயை அசைத்துக் கையை ஏந்தி நிற்பார், அழுகை முழுக்கப் பெஞ்சிலிருந்துதான் வரும். அதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். யார் பாடுகிறார் என்று கண்ணெதிரே தெரியும். ஆனாலும் கிழவிகள் திரௌபதியைப் பார்த்துத்தான் அழுவார்கள், பெஞ்சைப் பார்த்து யாரும் அழமாட்டார்கள், அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. கூத்து முடிந்து டீ குடிக்கும்போது வேஷக்காரரே "இன்னைக்கு நீதான்யா தூக்கி நிறுத்தினே" என்பார், அவ்வளவு போதும் அவருக்கு.

ஆகவே தங்கச்சி, ஒருத்தர் குரலுக்கு இன்னொருத்தர் குரல் தாங்கல் கொடுப்பது ஏமாற்று ஒன்றும் கிடையாது. நம்ம ஊரில் காலம் காலமாக நடப்பது. எனக்கு உறுத்துவது அந்த எல்.இ.டி. திரைதான். கூத்திலும் திரை உண்டு, இரண்டு பேர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வேஷம் அதற்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வரும். திரைக்குப் பின்னால் போவது வேஷம், பெஞ்சு எப்போதும் வெளியேதான். உன் கதையில் அது தலைகீழாக இருக்கிறது. மேடையின் ஓரத்திலாவது உன்னை நிறுத்தச் சொல், கோரஸ் வரிசையில் நில், கறுப்பு உடை போடு, யாரும் உன்னைப் பார்க்க வேண்டாம். பார்க்க முடிகிற இடத்தில் நின்றால் போதும். உன் அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

—

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

அண்ணே, பொம்மலாட்டத்தில் ஆள் திரைக்குப் பின்னால்தானே நிற்கிறார்? அதுவும் நம்ம சேலத்துக் கலைதான். அது ஏமாற்றா?

—

ஓமலூர் பின்பாட்டு:

பொம்மைக்கு வாய் இல்லை என்று குழந்தைக்குக் கூடத் தெரியும் தம்பி.

—

கோரிமேடு பழசு:

இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம்ம ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் தனியாக நிற்கிறது பாருங்கள், அதற்குள்ளே நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார்கள். டி.ஆர். சுந்தரம் 1930-களில் ஆரம்பித்தது. 1940-ல் அங்கே எடுத்த உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். ஒரே ஆள் இரண்டு வேடம் என்றால் என்ன அர்த்தம், எதிரெதிரே நின்று பேசுகிற காட்சியில் ஒருத்தருடைய முதுகு வேறொருத்தருடையது. இரட்டை வேடப் படங்களில் அந்த முதுகுக்கு டைட்டிலில் பெயர் போட்டு நான் பார்த்ததில்லை.

பேசும் படம் வந்த புதிதில் நடிகர்களே கேமரா முன்னால் நின்று பாட வேண்டும், பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாகும். அப்போது ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் எங்கே இருப்பார்கள்? கேமராவின் கண்ணுக்குப் படாமல் மரத்துக்குப் பின்னாலும் செட்டுச் சுவருக்குப் பின்னாலும் குந்திக்கொண்டு வாசிப்பார்கள். ஹீரோ நடந்துகொண்டே பாடினால் அவர்களும் கூடவே நகர வேண்டும். அப்புறம் பின்னணி பாடும் முறை வந்தது. வாத்தியக்காரர்கள் மரத்தடியிலிருந்து எழுந்து ஸ்டூடியோ அறைக்குள் போனார்கள், பாடுகிறவர் அவர்களுடைய இடத்துக்கு மறைவில் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு நாம் பெரிய பாடகி என்று கொண்டாடுகிறோமே, அந்தத் தொழிலே ஒளிந்து நின்று பாடுகிற தொழிலாகத்தான் தொடங்கியது. 1949-ல் இந்தியில் மஹல் என்று ஒரு படம், அதன் பாட்டு இசைத்தட்டில் பாடியவர் பெயர் காமினி என்று போட்டிருந்தார்கள். காமினி என்பது படத்தில் வருகிற பாத்திரத்தின் பெயர்! ரேடியோவில் கேட்டவர்கள் யார் பாடியது யார் பாடியது என்று கேட்டுத் துளைத்த பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்று அறிவித்தார்கள். ஆக, உன்னை ஒளித்து வைக்கிற மேடமும் ஒரு காலத்தில் ஒளித்து வைக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்தான். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

சரி, பழங்கதை போதும். நான் இருபது முப்பது வருஷம் ஆர்மோனியம், கீபோர்டு என்று வாசித்தவன், எனக்கு ஒரு சந்தேகம். உச்சத்தில் போக முடியவில்லை என்றால் ஸ்கேலை இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே? ரிக்கார்டில் அந்தப் பாட்டு ஆறு கட்டை சுருதி என்று வைத்துக்கொள், மேடையில் ஐந்தரையில் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஐந்தில் எடுத்தால்கூடக் கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. பெரிய பெரிய வித்வான்களே வயசானதும் கட்டையை இறக்கித்தான் பாடினார்கள், யாரும் குறை சொல்லவில்லை. கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் ஆயிற்று. அவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்று உங்கள் கீபோர்டு அண்ணனை விட்டுக் கேட்கச் சொல். டிராக் ஒரிஜினல் சுருதியில் இருக்கிறது, புதிதாகப் போட நேரமில்லை என்பார்கள், அல்லது யூடியூபில் போட்டு ரிக்கார்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று பயப்படுவார்கள். இரண்டுமே உன்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்தப் போதுமான காரணம் என்று எனக்குப் படவில்லை.

—

மிக்ஸர் முன்னால்:

ஐயா சொல்வது நியாயம்தான், ஆனால் பட்டனைத் தட்டினால் ஆயிற்று என்பது முழு வாத்தியமும் கையால் வாசித்த காலத்துக் கணக்கு. இப்போது டிராக்கில் வயலின் கூட்டம், ரிதம், கோரஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே ஃபைலாகக் கிடக்கும். அதை அப்படியே அரைக்கட்டை இறக்கினால் டிரம் சத்தம் கொழகொழவென்று ஆகும். தனித்தனி டிராக்காக வைத்திருந்தால் ரிதத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் இறக்கலாம், ஒரு மணி நேர வேலை. இன்னொரு சிக்கல், இறக்கினால் பல்லவியில் கீழ் ஸ்தாயி வருகிற இடம் பாதாளத்துக்குப் போகும், தொண்டை கட்டியவருக்கு அதுவும் கஷ்டம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. பாடகியின் ஆள் ஒத்துக்கொண்டால் உன் வேலை பாதியாகிவிடும், சம்பளத்தையும் பாதியாக்கப் பார்ப்பார்கள், அதில் உஷார்.

—

சட்டம் படிக்கிறவன்:

சேலம் சட்டக் கல்லூரி மாணவன், வக்கீல் இல்லை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளவும்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை மாதிரியே நிகழ்த்துகிறவருக்கும் தனி உரிமை உண்டு, 38-வது பிரிவு. நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 50 வருஷம். சட்டத்துக்குப் பெரிய பாடகி, சின்னப் பாடகி என்ற பேதம் கிடையாது, நேரில் பாடினால் நீங்களும் நிகழ்த்துநர்தான். 2012 திருத்தத்தில் 38ஏ, 38பி என்று இரண்டு சேர்த்தார்கள். முதலாவதன்படி உங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் அதைப் பொதுமக்களிடம் கொண்டுபோகவும் அனுமதி தருகிற உரிமை உங்களுடையது. இரண்டாவதன்படி இதைப் பாடியது நான் என்று பெயர் கோரலாம், பயன்படுத்துகிற விதத்தினாலேயே பெயர் விட்டுப்போக வேண்டிய நிலைமை இருந்தால் தவிர. அந்தத் தவிர என்பதில்தான் வக்கீல்கள் சண்டை போடுவார்கள்.

அதனால் மூச்சு விடாதே என்று சொல்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: நிகழ்ச்சியை வீடியோ எடுக்கிறீர்களா, எங்கே போடப் போகிறீர்கள்? அங்கே கேட்கிற குரலில் உங்களுடையதும் இருக்கிறது. ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் கேட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள், அதனால் போனில் பேசியதை எல்லாம் அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக நீங்களே அனுப்பிவிடுங்கள். "இன்ன தேதி, இத்தனை பாட்டு, இவ்வளவு தொகை, பாதி முன்பணம், வீடியோ வெளியிடுவதானால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், சரிதானே சார்" என்று. அவர் சரி என்று ஒரு வார்த்தை போட்டால் அது எழுத்து.

ஒளிந்து பாடியவர்கள் கதை இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் மார்னி நிக்சன் என்று ஒரு பாடகி, 1956, 1961, 1964 என்று மூன்று பெரிய படங்களில் மூன்று பெரிய நடிகைகளுக்காகப் பாடியவர், படத்தில் பெயர் வரவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று அவரையும் மிரட்டி வைத்திருந்தார்கள். முதல் படத்தின் நடிகை டெபோரா கெர் தானே முன்வந்து பாடியது அவர் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது படத்துக்கு இசையமைத்த பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து ஒரு துளிப் பங்கை அவருக்கு எழுதிக் கொடுத்தார். சொந்தக் குரலே துளியும் இல்லாமல் வாயசைத்து ஆல்பம் விற்ற மில்லி வனில்லி ஜோடிக்குக் கொடுத்த கிராமி விருதை 1990-ல் திரும்பப் பெற்றார்கள். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது, மேடம் பாடத்தான் போகிறார், நாலு வரிக்குத் துணை கேட்கிறார். அம்மாவிடம் அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள்.

—

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

எல்லாரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒரு காமெடி நடிகரின் மேடை நிகழ்ச்சிக்குப் பின்னால் நின்று சவுண்ட் எஃபெக்ட் எல்லாம் வாயாலேயே கொடுத்தான், நாய், கோழி, லாரி ஹார்ன் என்று. கைதட்டு முழுக்க நடிகருக்கு. நிகழ்ச்சி நடத்தியவர் ஊருக்குப் போய்ப் போடுகிறேன் என்று சொன்ன பணம் இன்னும் வரவில்லை. அவனுக்குப் பெயர் போடாதது வருத்தமே இல்லை, பெட்ரோல் காசு வராததுதான் வருத்தம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அட்வான்ஸ்.

—

கோரிமேடு பழசு:

தம்பி இவ்வளவு நேரம் பேசியதில் இதுதான் உருப்படி. பாதி முன்பணம், மீதி மைக்கைக் கையில் எடுப்பதற்கு முன்னால். பாடி முடித்த பிறகு மலை இறங்குகிற அவசரத்தில் யாரும் யாரையும் தேட மாட்டார்கள்.

—

அம்மாபேட்டை குரல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இன்று காலை பேசிவிட்டேன், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஸ்கேல் விஷயத்தைக் கீபோர்டு அண்ணன் மூலமாகக் கேட்டோம். ஒரு பாட்டுக்கு டிராக் தனித்தனியாக இருக்கிறதாம், அதை ஐந்தரைக்கு இறக்கிக்கொள்வதாக மேடத்தின் குழுவில் ஒத்துக்கொண்டார்கள். அவரே ஒரு வார்த்தை, "இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றாராம். இன்னொன்று ஒரே ஃபைல், இறக்க முடியாது, அதில் சரணம் மேல் பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் "ப") தொட்டு நிற்கிறது, அதற்கு நான் வேண்டும். எல்.இ.டி. திரைக்குப் பின்னால் நிற்க மாட்டேன், கோரஸ் வரிசையில் நிற்கிறேன் என்று சொன்னதற்கு நிகழ்ச்சி நடத்துகிறவர் முதலில் முறைத்தார், அப்புறம் மேடைக்கு இடது ஓரம், லைட் படாத இடம் என்று சம்மதித்தார். பெயர் அறிவிக்க முடியாது என்பதில் மட்டும் இறங்கி வரவில்லை. வீடியோ பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, அடுத்த செய்தியாக அட்வான்ஸ் மட்டும் ஜிபேயில் வந்தது. சம்பளத்தைக் குறைக்கவில்லை.

அம்மாவுக்கு ஓமலூர் அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கூத்துப் பெஞ்சு என்றதும் கொஞ்சம் இளகினார், "அப்போ நீ நிற்கிற இடம் ஜனத்துக்குத் தெரியுமா" என்று கேட்டார், தெரியும் என்றேன். போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. போகிறேன்.

இன்-இயர் அவர்களே தருவார்களா, நான் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

—

சட்டம் படிக்கிறவன்:

வீடியோவுக்குப் பதில் வராதது சம்மதம் ஆகாது. இன்னொரு தடவை அனுப்பி வையுங்கள், நிகழ்ச்சிக்கு முதல் நாள்.

—

மிக்ஸர் முன்னால்:

இடுப்பில் மாட்டுகிற ரிசீவரை அவர்கள் தருவார்கள், காதில் போடுவது உன்னுடையதாக இருந்தால் நல்லது. ஊரார் காதில் கிடந்ததை வாங்கிப் போடாதே. ஒயர் உள்ள சாதாரண இன்-இயரே போதும், ப்ளூடூத் வேண்டவே வேண்டாம், அது பிந்தும். ரப்பர் முனை மூன்று அளவில் வரும், உன் காதை இறுக்கமாக அடைக்கிற அளவு எது என்று வீட்டிலேயே போட்டுப் பாடிப் பார்த்துவிடு, தளர்வாக இருந்தால் பேஸ் வெளியே போய்விடும். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடிப் பழக்கம் இல்லையென்றால் உன் குரல் மண்டைக்குள் இடிக்கிற மாதிரி இருக்கும், ஒரு வாரமாவது அப்படியே பாடிப் பழகு.

மலைக்குப் போகும் வண்டியில் முன் சீட்டு கேள், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அப்புறம் வாந்தி எடுத்துவிட்டு மேல் பஞ்சமம் பிடிக்க முடியாது. தட்டுவடை செட்டு, காரம் எல்லாம் இறங்கி வந்த பிறகு. திறந்தவெளி என்பதால் ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அதனால் கடைசி நேரத்தில் பாட்டு வரிசையை மாற்றுவார்கள், உன் பாட்டு எத்தனையாவது என்று ஒவ்வொரு தடவையும் கீபோர்டு ஆளிடம் கேட்டுக்கொண்டே இரு. சவுண்ட் செக் எத்தனை மணிக்குப் போட்டிருக்கிறார்கள்? இருட்டின பிறகு என்றால் ஒத்துக்கொள்ளாதே, பனி இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, இறங்கிய பிறகு ஒரு தடவை, இரண்டு தடவையும் அந்தச் சரணத்தைப் பாடிப் பார்த்துவிடு.